பத்துக்கு மூணு

துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பத்தொன்பது வருடமாகிறது. முகத்துக்கு நேரே சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் விளக்கு, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் துணி. ஓட்டை, முடிச்சு, எண்ணெய்க் கறை, விட்டுப்போன இழை எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர். வேலை விட்டு வந்தாலும் அது போகாது. எவர் சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது, எவள் கழுவிய பாத்திரத்தில் பிசுக்கு இருக்கிறது, நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள், பக்கத்து மேசையில் ஒருத்தி நாலு வருடம் வலியோடு நின்றதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்வதும் பொய்தான். பார்த்தேன், நம்பவில்லை. இப்போது அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

அவளுக்கு நாங்கள் வேலை பார்க்கும் ஷெட்டில் கழுகு என்று பெயர். வைத்தவள் நான். எங்கள் ஷெட்டில் பத்துத் துணி ரோலுக்கு ஒன்று பக்கத்து மேசைக்குப் போகும். அங்கே நிற்பவள் அதை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். விட்டுப்போன குறை ஏதாவது அகப்பட்டால், விட்டவளின் சீட்டில் புள்ளி ஏறும். அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் ரோலில் நான் விட்ட ஒரு ஊசி ஓட்டையைப் பிடித்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "கழுகுக் கண்ணுடி உனக்கு" என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

புள்ளிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் குறைக்கு ஒன்று. ஓட்டைக்கு நாலு. அதற்கு மேல் எந்தக் குறைக்கும் கிடையாது. ஒரு ரோலின் மொத்தம் பத்தைத் தாண்டினால் அது செகண்ட்ஸ். சிவப்புச் சாயத்தில் அதன் மேல் ஒரு கோடு இழுத்து மூலையில் தள்ளிவிடுவார்கள். பிறகு கை துடைக்கிற துணியாக வெட்டுப்படும். இரண்டு, மூன்று வந்தால் நல்ல சரக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களுக்கு இந்தக் கணக்கு வரும்.

கழுகும் அவள் வீட்டுக்காரரும் மகளும் எங்கள் கட்டடத்திலேயே எனக்கு நேர் மேல் வீட்டில் இருக்கிறார்கள். அவர் எரிந்த மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். தெருமுனையில் கடை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ரோல் தண்டிலிருந்து நழுவியது. தரையில் விழுந்தால் துணி அழுக்காகிவிடுமே என்று கழுகு வலது கையால் தாங்கினாள். கழுத்தில் ஏதோ பிசகிக்கொண்டது. பத்து நாள் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பட்டை போன பிறகும் வலி போகவில்லை. கழுத்தில் தொடங்கி, தோள்பட்டை வழியாக இறங்கி, சுண்டுவிரல் வரை எரிகிறது என்பாள். எலும்பு டாக்டரைப் பார்த்தார்கள், நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. என் கடைக்கு ஒரு மோட்டார் வருது. சத்தம் போடுதுங்கறாங்க. பிரிச்சுப் பார்க்கறேன். பேரிங் போயிருக்கும், இல்லேன்னா காயில் கம்பி கருகியிருக்கும். ஒண்ணுமே இல்லாம ஒரு மோட்டார் கத்தி நான் பார்த்ததில்ல."

"அதானே" என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊருக்கெல்லாம் பழமொழி சொல்கிறவள்தான் நான்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கெட்ட மனிதர் இல்லை. காய் நறுக்குவார், துணி துவைப்பார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு துவைப்பார். ஈரத்துணியைப் பொதுக் கொடியில் போடாமல் அறைக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டி உலர்த்துவார். வீடே ஈர வாடை அடிக்கும். கேட்டால், "நாலு பேர் பார்க்கறதுக்கா இதெல்லாம்" என்பார்.

போன வருடக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பது தெரிந்து கழுகு அங்கே போகத் தொடங்கினாள். புதன்கிழமை மட்டும் பார்ப்பார். அவர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். கழுத்துக்கும் தோளுக்கும் ஐந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அரைமணி நின்றால் பத்து நிமிடம் உட்கார வேண்டும், வலி இல்லாத நாளிலும் உட்கார வேண்டும் என்றார். நல்ல நாள் என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுநாள் அது வட்டியோடு வந்து நிற்குமாம். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் சாயங்காலம் அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னார். ஆறு வாரம் எழுதிக்கொண்டு வந்தால் பார்த்துவிட்டு வேலைக்குக் கடிதம் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

கடிதம் எதற்கென்றால், ஒரு முக்காலிக்கு. செக்கிங் மேசையில் யாரும் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒருத்திக்குக் கொடுத்தா இருபது பேரும் கேப்பாங்க. டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், முதலாளிகிட்டப் பேசறேன். அதுவரைக்கும் நின்னுதான் ஆகணும்."

கழுகு அரைமணிக்கொரு தடவை மேசையை நிறுத்திவிட்டு, காலி அட்டைக் குழாய்கள் குவிந்திருக்கும் இடத்தில் போய்க் குந்திக்கொள்வாள். பத்து நிமிடம் ஆனதும் எழுந்து வருவாள். அவள் ரோல்கள் தேங்கும். தேங்கியதில் இரண்டு, மூன்று என் தலையில் விழும். எனக்கு முட்டி பிடித்துக்கொள்ளும், எரிச்சல் வரும். அவள் வகிடு கோணலாக இருந்தால், "கழுகுக்கு எல்லாம் தெரியுது, வகிடு மட்டும் நேரா எடுக்கத் தெரியலை" என்று தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். அவளும் சிரிப்பாள்.

ஷெட்டில் மூத்தவள் ஒருத்தி இருபதாம் தேதி ஓய்வு பெற்றாள், அன்றைக்குக் கேக் வெட்டினோம். கழுகுதான் எல்லோருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்று நாள்.

"சிரிக்கத் தெம்பிருக்கு, நிக்கத்தான் தெம்பில்ல" என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

நோட்டு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நாள் காலையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கையில் மகளுடைய பழைய கணக்கு நோட்டு.

"பாருங்கக்கா. மூணு. மூணு. ரெண்டு. மூணு. நாலு. பத்துக்கு மூணு. இந்த மூணுக்கா வீடே படுத்துக் கிடக்குது?"

"அவளே எழுதினதா?"

"அவ கையெழுத்துதான். நேத்து அவ முன்னாடியே வெச்சு எண்ணிக் காட்டினேன். என்னடி இது, மூணுக்கா நான் கடையைச் சாத்திட்டு வந்து சோறு வடிக்கறேன்னு கேட்டேன். அவ சுவத்தைப் பார்க்கறா."

"மூணுன்னா எனக்கே தினம் இருக்கே. என் முட்டியைக் கேட்டா அஞ்சு சொல்லும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேல் படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, அம்மா நோட்டை அம்மாகிட்டக் கொடுத்துடுங்க" என்றாள். சின்னக் குரல்தான். நாங்கள் இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

அன்றைக்குக் கழுகின் ரோல் மூன்று என் மேசைக்கு வந்தது. நான் நேரே சூப்பர்வைசரிடம் போனேன். கோள் சொல்ல வேண்டும் என்று போகவில்லை. கோள் சொல்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

"அவளே நோட்டுல மூணுன்னு எழுதறா சார். பத்துக்கு மூணு. அதுக்கு நான் எத்தனை ரோல் சேர்த்து ஓட்டறது?"

அவர் யோசித்தார். "அப்ப சரிம்மா. டாக்டர் கடிதம் வந்தா பார்ப்போம். வரலேன்னா திங்கக்கிழமைலேர்ந்து கட்டு கட்டற பக்கம் போகட்டும். அங்க ஒரே இடத்துல நிக்க வேண்டாம்ல."

கட்டு கட்டுகிற இடத்தில் ஒரு துணிக்கட்டு என்ன கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள், வேலையை விட்டுவிட்டுத்தான் போவாள் என்பதும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ரோல் குறையும் என்று நினைத்தேனே தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரி நாள். வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "அவசரமா ஒரு பம்பு மோட்டார் வந்திருக்குக்கா. நீங்க கூடப் போய்ட்டு வர்றீங்களா?" மோட்டார் வந்தது உண்மையாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார அவருக்கு வெட்கம் என்பதும் உண்மை. எனக்கு உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. அதோடு, மூன்று என்று எழுதினவளுக்கு டாக்டர் என்ன சொல்கிறார் பார்ப்போமே என்ற ஆசையும் இருந்தது. விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் வகிடு என் கண்ணில் பட்டது. அன்றைக்கும் கோணல்.

"என்னடி, இன்னிக்காவது நேரா எடுத்திருக்கக் கூடாதா?"

"பாப்பாதான்க்கா வாரிவிடுறா. ஸ்கூலுக்குப் போற அவசரம்."

"ஏன், நீ வாரிக்கமாட்டியா?"

"கை மேல போகாதுக்கா. ரெண்டு வருஷமாச்சு."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியாமல், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். முகத்தில் சந்தோஷம்.

"நல்லா இறங்கியிருக்கே. மூணு, மூணு, ரெண்டு. அப்ப ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சிடலாம். வேலைக்குக் கடிதமும் இப்போதைக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கறேன். என்ன சொல்றீங்க?"

கழுகு, "சரிங்க டாக்டர்" என்றாள்.

நான் அவளைத் துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். இடது கை, மேசைக்குக் கீழே வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் வேர்வை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி டாக்டரைப் பார்த்தாள். ஒரு பக்கத் தோள் இன்னொன்றைவிட ஏறி நின்றது. நாலு வருடமாக அப்படியேதான் நின்றிருக்கும்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். "இவ இருபதாம் தேதிக்கு மேல மூணு நாள் வேலைக்கே வரலை. அந்த நாளுக்கு என்ன போட்டிருக்கா பாருங்க."

அவர் புரட்டினார். "நாலு, நாலு, நாலு."

"ஏண்டி, அந்த மூணு நாள் எழுந்து நடந்தியா?"

"பாத்ரூமுக்குப் பாப்பா பிடிச்சுக்கிட்டுப் போனா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாந்தி வந்திடுச்சுக்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கணக்குல நாலுன்னா என்னம்மா?"

கழுகு நிமிராமலே, "ஓட்டை டாக்டர்" என்றாள்.

"ஓட்டையா?"

நான்தான் விளக்க வேண்டியிருந்தது. சின்னக் குறைக்கு ஒன்று, ஓட்டைக்கு நாலு, அதற்கு மேல் ஒரு குறைக்குக் கிடையாது என்று சொன்னேன். ஆறு வாரமாக அவள் எழுதினது எங்கள் ஷெட்டுக் கணக்கு. ஷெட்டில் எவளாவது ஒருத்திக்குப் புரிந்திருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான்.

"பத்துன்னா?" என்று டாக்டரம்மா அவளிடமே கேட்டார்.

"பத்தைத் தாண்டினா செகண்ட்ஸ் டாக்டர். கோடு போட்டு மூலைல தள்ளிடுவாங்க."

"அதனால கம்மியாவே போட்டீங்க."

"பொய்யா எழுதலை டாக்டர். பத்துன்னு எழுதிட்டு மறுநாள் எப்படி வேலைக்குக் கிளம்பறது? எம் பொண்ணு அந்த நோட்டைப் பார்ப்பா. அவரும் பார்ப்பாரு. அம்மா தேறமாட்டான்னு வீட்டுல நினைச்சிட்டா அப்புறம் எனக்கு..." முடிக்கவில்லை.

"இங்க பத்து போட்டா யாரையும் மூலைல தள்ளமாட்டோம்மா. பத்து போட்டாத்தான் முதல்ல உள்ள கூப்பிடுவோம். இப்ப சொல்லுங்க. தாங்கவே முடியாது, இதுக்கு மேல வலியே இல்லைங்கறது பத்து. இந்த நிமிஷம் எத்தனை?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்கிறவள் மாதிரி முகம் சிவந்தது.

"எட்டு" என்றாள்.

டாக்டரம்மா மாத்திரையைக் குறைக்கவில்லை, மாற்றினார். கடிதத்தை அங்கேயே எழுதி முத்திரை வைத்தார். "அடி பட்ட இடம் எப்பவோ ஆறிடுச்சு. நரம்புக்குத்தான் வலி பழகிப்போச்சு. அது ஸ்கேன்ல தெரியாது. தெரியலைங்கறதுக்காக இல்லேன்னு ஆயிடாது. முழுசாப் போயிடும்னு நான் சொல்லமாட்டேன்மா. எட்டை ஆறாக்கலாம், அஞ்சாக்கலாம். அதுக்கு நீங்க எனக்கு உண்மைக் கணக்குச் சொல்லணும்" என்றார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். நான் இடித்துப் பிடித்து ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து அவளை உட்கார வைத்தேன். பக்கத்தில் இடம் காலியானதும் உட்கார்ந்து, இரண்டு நிறுத்தம் கழித்துச் சொன்னேன்.

"உன்னைக் கட்டு கட்டற பக்கம் மாத்தறதா இருந்தாங்க. அதுக்குக் காரணம்..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சூப்பர்வைசரே சொன்னாரு. பக்கத்து மேசைக்காரம்மாவே சொல்லிட்டாங்க, உனக்கு மூணுதானாமேன்னு."

"எப்ப சொன்னாரு?"

"நேத்துதான்க்கா."

"தெரிஞ்சுமாடி என்கூட வந்தே?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "தனியா வந்தா பஸ்ல கம்பியைப் பிடிக்கணும்க்கா. இந்தக் கை பிடிக்காது. நீங்க வந்தா எப்படியும் சண்டை போட்டாவது இடம் பிடிச்சுக் கொடுப்பீங்க."

இதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அவளை மேலே விட்டுவிட்டு நேரே தெருமுனைக்குப் போனேன். அவர் குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட்டுக் கணக்கு, ஓட்டை, செகண்ட்ஸ், எல்லாம்.

"எத்தனைன்னு சொன்னா?"

"எட்டு."

"அந்த மூணு நாளுக்கு?"

"அதை டாக்டர் கேக்கலை. நானும் கேக்கலை."

கம்பி அவர் விரலிலேயே நின்றது. "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று சுற்றினதைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே, "மூணு மூணுன்னு அவ மூஞ்சிக்கு நேரா எண்ணிக் காட்டினேனேக்கா" என்றார். அழவில்லை. நிமிரவும் இல்லை. நானும் தேற்றவில்லை. தேற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுநாள் காலையில் பொதுக் கொடியில் அவர்கள் வீட்டு ஈரத்துணி தொங்கியது. அவர்தான் உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய உள்பாவாடையும் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒருத்தி பார்த்தாள். பார்க்கட்டும் என்று கிளிப்பை மாட்டினார்.

ஷெட்டில் கழுகு கடிதத்தைக் கொடுத்தபோது நானும் கூடப் போய் நின்றேன்.

"நீங்கதானேம்மா மூணுன்னு சொன்னீங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் சத்தமாகத்தான் பேசுவார். மேசைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"நான்தான் சார் சொன்னேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். என் ரோல் குறையணும்னு சொன்னேன்."

ஷெட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கேலி செய்தபோதெல்லாம் சிரித்த முகங்கள்தான் அத்தனையும்.

ஒரு வாரம் கழித்து, அலுவலகத்தில் கிடந்த உயரமான பழைய முக்காலி ஒன்று வந்தது. ஒரு கால் பொருத்தில் கொஞ்சம் ஆடும். அட்டை மடித்துக் கொடுத்துச் சரி செய்தோம். அரைமணிக்கொரு தடவை கழுகு அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். வலி குறைந்த நாளிலும் உட்காருகிறாள். கடைசி மேசைக்காரி ஒருத்தி, "நல்லாத்தானே இருக்கா இன்னிக்கு" என்று முணுமுணுத்தாள். என் குரலே திரும்பி வந்து என் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

நேற்று என் பத்தாவது ரோல் அவள் மேசைக்குப் போனது. பாதி ஓடியிருக்கும், துணி நின்றது.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

போனேன். விளக்குக்கு முன்னால் துணியில் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை. குருடிகூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். நான் விட்டிருக்கிறேன்.

அவள் என் சீட்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "சின்னதுதான்க்கா. ஒண்ணு போட்டுக்கலாம்."

"ஓட்டைக்கு எத்தனை?"

"நாலு."

"அப்ப நாலு போடு."

"அக்கா, பரவாயில்லக்கா."

"நாலு போடுடி."

இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, அவள் என் சீட்டில் மெதுவாக நாலு என்று எழுதினாள்.